முதலடிக்கு முகூர்த்தம் ஏது?

நம் நாட்டில் உத்தேசமில்லாத மனிதனைக் காண்பது அரிது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ள வேண்டுமென்று ஒருவர், விட்டுப்போன பத்தாம் வகுப்பை எழுதி முடிக்க வேண்டுமென்று ஒருவர், கூலி வேலையை விட்டுச் சொந்தமாய் ஒரு தையற்கடை வைக்க வேண்டுமென்று ஒருவர், விதவையாகிவிட்ட மகளுக்கு மறுமணம் செய்துவைக்க வேண்டுமென்று ஒருவர், ஜாதி பாராமல் தன் மனதுக்குப் பிடித்தவரை மணக்க வேண்டுமென்று ஒருவர், இப்படி ஒவ்வொருவரும் ஏதாவதொன்றை மனதில் வைத்துக்கொண்டுதான் இருக்கின்றனர். ஆனால் "ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை?" என்று கேட்டால் மாத்திரம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்லுகின்றனர். அதாவது, "அதற்கு நேரம் வரவேண்டாமா?" என்பதேயாகும்.

இந்த நேரம் என்பது எங்கே இருக்கின்றது, எந்த வழியாய் வரும், வந்தால் யாருக்கு அடையாளம் தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் வராத நேரம் இன்றும் வரவில்லை. உத்தேசம் வைத்திருந்த மனிதருக்குத் தலை நரைத்துவிட்டதுதான் மிச்சம்.

இதைக் கொண்டு நம் மக்கள் சோம்பேறிகள் என்று சொல்லுவோர் உண்டு. நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பிறத்தியார் வயலில் இறங்கும் பெண்களைச் சோம்பேறிகள் என்று சொல்லுகிறவன்தான் சோம்பேறி. ஆகவே வியாதி உடம்பில் இல்லை. தன் காரியத்தைத் துவக்கும் அதிகாரம் தன்னிடத்தில் இல்லை, அது பஞ்சாங்கத்தினிடமும், தலையெழுத்தினிடமும், ஊராரிடமும் இருக்கின்றது என்று பிறந்தது முதல் சொல்லிக்கொடுக்கப்பட்ட புத்தியில்தான் வியாதி இருக்கின்றது.

பஞ்சாங்கக் கணக்கு

முதலில் பஞ்சாங்கத்தையே எடுத்துக்கொள்வோம். நாம் ஆத்திரப்பட வேண்டியதில்லை. கணக்குப் பார்த்தாலே போதும்.

வருஷத்துக்கு 365 நாள். ஆடியும் மார்கழியும் நல்ல காரியத்துக்கு ஆகாது என்கிறார்கள். அதில் சுமார் 60 நாள் போயிற்று, மிச்சம் 305. செவ்வாயும் சனியும் ஆகாது என்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு வீதம் சுமார் 87 நாள் போயிற்று; மிச்சம் 218. அஷ்டமியும் நவமியும் ஆகா. வளர்பிறையில் இரண்டு, தேய்பிறையில் இரண்டு ஆக முப்பது திதிகளில் நான்கு திதிகள். அந்த வகையில் சுமார் 29 நாள் போயிற்று, மிச்சம் 189. பிறகு சந்திராஷ்டமம். சந்திரன் சுற்றும் பன்னிரண்டு ராசிகளில் ஒன்று ஒவ்வொருவருக்கும் ஆகாததாம். அதற்கு ஒரு 16 நாள் போக, கையில் இருப்பது 173 நாள்.

அந்த 173 நாளாவது முழுசாய்க் கிடைக்குமா? கிடையாது. பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் ராகுகாலத்துக்கு ஒன்றரை மணி, எமகண்டத்துக்கு ஒன்றரை மணி என்று கால் பங்கைக் கழிக்க வேண்டும். கழித்தால் நிற்பது ஏறக்குறைய 130 நாள் நேரந்தான். பிறகும் சூலம் என்று ஒன்று காத்திருக்கின்றது. திங்களும் சனியும் கிழக்கே போகக் கூடாது, வியாழன் தெற்கே போகக் கூடாது, இப்படி நாளுக்கு ஒரு திசை அடைப்பு. இவ்வளவுக்கும் தப்பி ஒருவன் வாசற்படி இறங்கினால், எதிரே வருகிறவர் யார், பூனை எந்தப் பக்கம் போயிற்று, பல்லி எங்கே சொல்லிற்று என்று பார்த்துத் திரும்பவும் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

ஆக, மனிதனுடைய ஆயுளில் மூன்றில் இரண்டு பங்கை ஆரம்பத்துக்கு லாயக்கற்றது என்று தள்ளிவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொண்டு, "நம் ஜனங்கள் முன்னுக்கு வரவில்லையே" என்று வருத்தப்படுவதில் என்ன அர்த்தம் இருக்கின்றது?

இதில் இன்னொரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். கடன் கொடுத்தவன் வட்டிக் கணக்குப் போடும்போது ராகுகாலத்தைத் தள்ளிவிட்டா போடுகிறான்? மார்கழி மாதத்துக்கு வட்டி வேண்டாம் என்கிறானா? வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ராகுகாலம் வந்துவிட்டது, பன்னிரண்டு மணி வரைக்கும் உட்கார்ந்திரு என்று எந்த முதலாளியாவது கூலியாளிடம் சொன்னதுண்டா? இல்லை. பிறத்தியானுக்கு உழைக்கும்போது எந்த நேரமும் நல்ல நேரம். தனக்கென்று ஒரு காரியம் துவக்கும்போதுதான் கெட்ட நேரம் வந்து குறுக்கே நிற்கின்றது. இந்தக் கெட்ட நேரத்தால் லாபமடைகிறவர்கள் யார் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

ராகு யார்?

ராகு என்பது ஒரு பாம்பும் அல்ல, ஒரு கிரகமும் அல்ல. சந்திரன் பூமியைச் சுற்றும் பாதையானது, சூரியன் செல்வதாக நமக்குத் தோன்றும் பாதைக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருக்கின்றது. இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்கள் இரண்டு. அவற்றில் ஒன்றுக்கு ராகு என்றும் மற்றொன்றுக்குக் கேது என்றும் பெயர் வைத்தார்கள். அங்கே கல்லும் இல்லை, மண்ணும் இல்லை, வெறும் கணக்குத்தான் இருக்கின்றது. அந்தப் புள்ளி வானத்தை ஒரு தரம் சுற்றிவரச் சுமார் பதினெட்டரை வருஷத்துக்கு மேல் ஆகின்றது. அவ்வளவு மெள்ள நகரும் ஒரு புள்ளி, திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கும், செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கும், நம் வீட்டு வாசலுக்குத் தவறாமல் வந்துபோகிறது என்றால் அதை நம்ப எவ்வளவு அறிவு வேண்டும்?

கிரகணம் என்பது நிழலால் ஏற்படுவதென்று ஆரியபட்டர் 499-ம் வருஷத்திலேயே எழுதிவிட்டார். அதாவது சுமார் ஆயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கு முன்னமே இந்த நாட்டிலேயே தெரிந்துபோன சங்கதி இது. அப்படியிருந்தும் ராகுவுக்கு வேலை போகவில்லை. ஏனெனில் ராகுவை வேலையில் வைத்திருப்பது வானமல்ல, நம்முடைய பயம்.

தவிரவும், ராகுகாலத்தைச் சூரிய உதயத்திலிருந்து எண்ண வேண்டுமென்பதுதான் அவர்களுடைய சாஸ்திரமே. சூரியன் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் வேறு வேறு நேரத்தில் உதிக்கின்றது. ஆனால் தினசரி நாட்காட்டித் தாளிலோ, சென்னையானாலும் நாகர்கோவிலானாலும், சித்திரையானாலும் தையானாலும், ஆறு மணிக்கே உதயம் என்று வைத்து ஒரே நேரம் அச்சிடப்படுகின்றது. ஆகவே அந்தத் தாளைப் பார்த்து நடப்பவர்கள் அவர்கள் சாஸ்திரப்படியும் தப்பான நேரத்தில்தான் பயப்படுகின்றனர். உண்மையான ராகுகாலத்தில் தைரியமாய்க் காரியம் பார்க்கின்றனர். இத்தனை வருஷமாய் இதனால் யாருக்கும் ஒன்றும் வந்துவிடவில்லை என்பதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

சட்டம் முந்தியா, அடி முந்தியா?

நிற்க, பஞ்சாங்கத்தை விட்டுவிட்ட சில படித்த தோழர்கள் வேறொரு ராகுகாலத்தை வைத்துக்கொண்டிருக்கின்றனர். "முதலில் சட்டம் வரட்டும், சர்க்கார் வழி செய்யட்டும், ஊர் மனம் மாறட்டும், பிறகு நாம் செய்வோம்" என்கின்றனர். இதற்குச் சரித்திரம் என்ன சொல்லுகின்றதென்று பார்ப்போம்.

இந்து விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாமென்று 1856-ம் வருஷத்திலேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்தபின் விதவைகளெல்லாம் மணக்கோலம் பூண்டார்களா? இல்லை. சட்டம் புத்தகத்திலும் விதவை மூலையிலுமாய் இருந்துவந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்பு, 1909-ல், ஈ.வெ.ரா. தம் தங்கையின் மகளான ஒரு பால்ய விதவைக்கு, சொந்தக்காரர்களின் எதிர்ப்பையும் மீறி, மறுமணம் செய்துவைத்தார். அப்போது சுயமரியாதை இயக்கமென்று ஒன்று கிடையாது; பத்திரிகை கிடையாது; கைதட்ட ஆளும் கிடையாது. ஒரு குடும்பத்துக்குள், ஒரு பெண்ணின் வாழ்வுக்காக, ஒருவர் வைத்த ஒரு அடி, அவ்வளவுதான். சட்டம் இருந்தும் அடி வைக்க ஆளில்லாவிட்டால் சட்டத்தால் பிரயோஜனமில்லை என்பதை இது காட்டுகின்றது.

இதற்கு நேர் மாறான உதாரணமும் உண்டு. 1928-ம் வருஷம் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள சுக்கிலநத்தத்தில் புரோகிதரும் மந்திரமும் இல்லாத முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அந்தத் திருமணத்துக்குச் சட்டம் இல்லை. பிறகு ஊர் ஊராய், வேண்டுமென்றே ராகுகாலத்திலும் கூட, இத்தகைய மணங்கள் நடந்தன. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. அதன் பொருள் என்ன? மணந்த பெண் மனைவியல்ல, பெற்ற பிள்ளை வாரிசல்ல என்று சொத்து வழக்கில் எவனும் கிளம்பலாம் என்பதுதான். அதைத் தெரிந்துகொண்டும் நம் மக்கள் அம்முறையில் மணந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் 1967-ல் அண்ணாதுரை முதன்மந்திரியாயிருக்கையில் அதற்குச் சட்டம் நிறைவேறி 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. முன்னே நடந்த திருமணங்களும் செல்லும் என்று அச்சட்டமே ஒப்புக்கொண்டது.

சுக்கிலநத்தத்து மணமக்கள் "சட்டம் வரட்டும்" என்று காத்திருந்தால் ஏறக்குறைய நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டும். அதுவுங்கூடத் தப்புக் கணக்கு. அவர்களைப் போன்றோர் காத்திருந்திருந்தால் அந்தச் சட்டமே வந்திராது. எந்த மந்திரியும் நடக்காத திருமணத்துக்குச் சட்டம் செய்ய மாட்டார்.

வைக்கத்தில் வைத்த அடி

முதலடி என்பது பேச்சுக்குச் சொல்லும் வார்த்தையாயில்லாமல், காலால் நிஜமாய் எடுத்து வைத்த அடியாகவே இருந்த ஒரு சம்பவமும் உண்டு. திருவாங்கூர் சமஸ்தானத்தில் வைக்கம் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவர், புலையர் முதலானோர் நடக்கக் கூடாதென்று பலகை நட்டு வைத்திருந்தார்கள். நாய் போகும், மாடு போகும், மனிதன் போகக் கூடாது. 1924 மார்ச் 30-ந்தேதி மூன்று பேர் அந்தப் பலகையைத் தாண்டப் புறப்பட்டனர். குஞ்ஞப்பி ஒரு புலையர், பாகுலேயன் ஒரு ஈழவர், கோவிந்தப் பணிக்கர் ஒரு நாயர். போலீசார் நிறுத்தி ஜாதியைக் கேட்டனர். நாயர் மட்டும் போகலாம் என்றனர். அவர் தனியே போக மறுத்து, போனால் மூவரும் சேர்ந்தே போவோம் என்று நின்றார். மூவரும் கைது செய்யப்பட்டனர்.

அன்றைக்குக் கணக்குப் பார்த்தால் அந்த அடி தோல்வி. தெரு திறக்கவில்லை, நடந்தவர்கள் உள்ளே போனார்கள். ஆனால் அடுத்த நாள் வேறு மூவர் வந்தனர். அதற்கு மறுநாள் வேறு சிலர். தலைவர்களெல்லாம் பிடிபட்டுப்போக, ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். இரு முறை சிறையிருந்தார். நாகம்மையார் தலைமையில் பெண்கள் இறங்கினர். 1925-ம் வருஷக் கடைசியில் பெரும்பாலான தெருக்கள் எல்லா ஜாதியாருக்கும் திறந்துவிடப்பட்டன. 1936-ல் திருவாங்கூரில் கோவில்களே திறக்கப்பட்டன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, முதலடியே காரியத்தை முடித்துவிடாது. இரண்டாவது அடி வைப்பதற்கு இடத்தைக் காட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. மற்றொன்று, போக அனுமதியிருந்தும் தனியே போகாமல் நின்ற கோவிந்தப் பணிக்கரும் முதலடி வைத்தவர்தான். வழி திறந்திருக்கிறவன், வழி அடைபட்டவனோடு சேர்ந்து நிற்பதும் ஒரு முதலடியேயாகும்.

ஏழைக்கு உபதேசமா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். "ஐயா, முதலடி வை, முதலடி வை என்கிறீர்கள். வயிற்றுக்கில்லாதவன், வீட்டை விட்டால் வெட்டுவோம் என்று மிரட்டப்படுகிறவள், இவர்களுக்கும் இதேதானா உபதேசம்?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் சொல்லாமல் தாண்டிப்போவது யோக்கியமாகாது.

பணக்காரர்கள் மேடையேறி ஏழையைப் பார்த்து "முயற்சி செய், முன்னுக்கு வருவாய்" என்று சொல்லுவதை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அவன் முன்னுக்கு வராமலிருப்பதற்கு அவனே பொறுப்பு என்று கைகழுவிக்கொள்ளுவதற்காகச் சொல்லப்படும் உபதேசம் அது. தலையெழுத்து என்று சொன்ன பழைய புரோகிதருக்கும், உன் முயற்சிக் குறைவு என்று சொல்லும் புதிய புரோகிதருக்கும் வித்தியாசம் சொற்பந்தான். வைக்கத்துப் பலகையைப் பிடுங்காமல், "நடக்கக் கற்றுக்கொள்" என்று புலையருக்குப் புத்தி சொல்லுவதில் என்ன பலன்?

அன்றியும், அபாயம் நிஜமானது. 2016-ல் உடுமலைப்பேட்டையில் ஜாதி மாறி மணந்துகொண்ட ஒரு வாலிபர் பட்டப்பகலில், ஜனநடமாட்டமுள்ள வீதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட நாட்டில், முன்பின் பாராமல் குதி என்று நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம். குதிப்பது வேறு, அடி வைப்பது வேறு. அடி வைக்கிறவன் கீழே தரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் வைப்பான். நேரத்தைப் பார்க்க வேண்டாம் என்கிறோமே தவிர, இடத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2018-ல் உச்ச நீதிமன்றம் இவ்விதத் தம்பதிகளுக்குப் போலீஸ் பாதுகாப்பும் தங்குமிடமும் கொடுக்க வேண்டுமென்று உத்தரவிட்டிருக்கின்றது. அபாயமிருக்கிற இடத்தில், மணத்துக்கு முந்திய நாளே ஒரு வக்கீலையும் இரண்டு நம்பிக்கையான தோழர்களையும் பார்த்துப் பேசி, எழுத்து மூலம் மனுக் கொடுத்து வைப்பதே அவர்களுக்கு முதலடி. அம்மனுவை எடுத்துக்கொண்டு கூடப் போவது நம்முடைய முதலடி. தனி ஒருவனால் முடியாத அடியை நாலு பேர் சேர்ந்து வைப்பதற்காகத்தான் இயக்கமென்று ஒன்று இருக்கின்றது.

எது முதலடி?

ஆகவே முதலடி என்பதற்கு நாம் சொல்லும் இலக்கணம் இது. அது இன்றைக்கே செய்யக்கூடியதாயிருக்க வேண்டும். நம் கையாலேயே செய்யக்கூடியதாயிருக்க வேண்டும். செய்துவிட்ட பின்பு நேற்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் கண்ணுக்குத் தெரிந்த ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும். "நாளை முதல் நன்றாய் இருப்பேன்" என்பது முதலடியாகாது, அது கனவு. ஐந்து ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கி "அ" என்று எழுதுவது முதலடி.

படிப்பை விட்டுவிட்ட தோழர்கள் வயதாகிவிட்டதே என்று வெட்கப்பட வேண்டியதில்லை. தேசியத் திறந்தவெளிப் பள்ளியில் 14 வயது நிரம்பிய எவரும் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். மேல் வயதுக்கு வரம்பு கிடையாது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்வதே அவர்களுக்கு முதலடி. மணம் செய்துகொள்ள உத்தேசித்திருப்பவர்களுக்கு, சுயமரியாதைத் திருமணச் சட்டப்படி உறவினரோ நண்பரோ முன்னிலையில், தமக்குத் தெரிந்த பாஷையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாய்ச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். தமிழ்நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி அதைப் பதிவு செய்வது கட்டாயம். பெண் மக்களைப் பெற்றவர்கள், 1989-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டத்தாலும் 2005-ம் வருஷத்து மத்தியச் சட்டத்தாலும் பெண்ணுக்குக் கிடைத்துள்ள சொத்துப் பாத்தியத்தை, "விட்டுக் கொடுத்துவிட்டேன்" என்று எழுதி வாங்கும் வழக்கத்தைத் தம் வீட்டில் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு காசு செலவில்லாத முதலடி அது.

காசு செலவில்லாத இன்னொரு அடியும் உண்டு. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாட்டில் பெயருக்குப் பின்னாலுள்ள ஜாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தார்கள். அதற்குப் பணம் வேண்டாம், சர்க்கார் உத்தரவு வேண்டாம், படிப்பும் வேண்டாம். பேனாவை நாலு எழுத்துக்கு முன்னால் நிறுத்தினால் போதும். இன்று தமிழ்நாட்டில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் பெரும்பாலும் ஜாதிப் பட்டமில்லாமலே பெயர் எழுதுகிறார்களென்றால், அப்படிப் பேனாவை நிறுத்தினவர்களின் முதலடிதான் காரணம். பெயரை விட்டவர்கள் மனதிலிருந்தும் விட்டுவிட்டார்களா என்றால், அது இரண்டாவது அடி. அது இன்னும் பாக்கியிருக்கின்றது.

தோழர்களே! இந்தத் தலையங்கத்தைப் படித்துவிட்டு "நல்ல கட்டுரை" என்று மடித்து வைத்துவிட்டால் நமக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. உங்களுடைய உத்தேசம் இன்னதென்று உங்களுக்குத் தெரியும். அதற்குச் சிறிய முதற்காரியம் எதுவென்று ஒரு துண்டுத் தாளில் ஒரே வரியில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்திலிருக்கும் பள்ளிப் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பிறகு அந்தப் பிள்ளையையே உங்களுக்கு வாத்தியாராய் வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை உங்களை நம்பும் ஒருவரிடம் காட்டுங்கள். அந்தக் காரியத்தை வருகிற வாரப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் செய்து முடியுங்கள். இந்த ஏழு நாளில் ஏழு ராகுகாலமும், ஏழு எமகண்டமும், ஒரு செவ்வாயும், ஒரு சனியும் கட்டாயம் வரும். அவை வந்தது போலவே போகும். உங்கள் காரியத்தை அவற்றுக்குள் ஒன்றிலேயே துவக்கினீர்களானால் நமக்கு இன்னும் அதிக சந்தோஷம்.